இரும்பு எப்போது வீழ்படியும்? கனிம வேதியியலைக் காரணத்தோடு படிப்பது

ஓர் உப்பில் எந்த அயனிகள் உள்ளன என்று தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வில், மூன்றாம் தொகுதிக்கு வந்ததும் கரைசலில் இரண்டு மூன்று துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைக்கச் சொல்வார்கள். +2 நிலையில் (இரண்டு எலக்ட்ரானை இழந்த நிலையில்) இருக்கும் இரும்பு இன்னொன்றையும் இழந்து +3 ஆகிவிடும். பிறகு அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்த்தால் செம்பழுப்பு வீழ்படிவு, அதாவது கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடப்பொருள், கிடைக்கும். இதே இரும்பை நேர் எதிராக நடத்தும் இடமும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து வெள்ளை நிறமி எடுக்கும் முறையில், கரைசலுக்குள் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு +3 இரும்பு முழுவதையும் +2 ஆக இறக்குவார்கள். பக்கத்தில் திருவனந்தபுரம் கொச்சுவேளி ஆலை இந்தக் கந்தக அமில முறையில்தான் இயங்குகிறது.

ஓரிடத்தில் ஏற்றுகிறார்கள், இன்னோரிடத்தில் இறக்குகிறார்கள். காரணம் ஒன்றே. +3 இரும்பு அமிலக் கரைசலிலேயே வீழ்படியத் தொடங்கிவிடும். +2 இரும்பு அவ்வளவு சீக்கிரம் படியாது. ஆய்வகத்தில் இரும்பு படிய வேண்டும். ஆலையில் டைட்டானியம் மட்டும் படிய வேண்டும். கூடவே இரும்பும் படிந்தால் வெள்ளை நிறமி மஞ்சளடித்துப்போகும். இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டவர் இரண்டு வினைகளையும் தனித்தனியே உருப்போட வேண்டியதில்லை. கனிம வேதியியலை மனப்பாடப் பாடம் என்று ஒதுக்கும் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பக்கம் பக்கமாக இருக்கும் சமன்பாடுகளுக்குப் பின்னால் இருப்பவை மிகச் சில காரணங்கள். மூன்று கேள்விகள் கேட்டால் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம். அயனியின் மின்சுமை என்ன, அளவு என்ன? யார் எலக்ட்ரானைக் கொடுக்கிறார், யார் வாங்குகிறார்? கரைசலை விட்டு எது வெளியேறுகிறது?

முதல் கேள்வியில்தான் அதிகம் அடங்கியிருக்கிறது. அதனால் அதிலேயே கொஞ்சம் தங்குவோம்.

நீரில் கரைந்த +3 இரும்பு அயனியை ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும். அயனி சிறியது, மின்சுமையோ மூன்று. எனவே அது நீரின் ஆக்சிஜனிடமிருந்து எலக்ட்ரான்களைப் பலமாகத் தன் பக்கம் இழுக்கிறது. ஆக்சிஜன் அந்தக் குறையை ஈடுகட்ட ஹைட்ரஜனிடமிருந்து இழுக்கிறது. ஹைட்ரஜனின் பிணைப்பு தளர்ந்து, அது ஹைட்ரஜன் அயனியாகக் கழன்று போகிறது. நீராற்பகுப்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பெரிக் குளோரைடு (+3 இரும்பின் குளோரைடு) கரைசல் லிட்மசைச் சிவப்பாக்குவதும் இதனால்தான். அந்தக் கரைசலை வெறும் தண்ணீரில் தயாரித்து வைத்தால் சில நாளில் பழுப்பாகக் கலங்கிவிடும். ஆய்வகத்தில் அதோடு கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கரைப்பது ஏன் என்பதும் இப்போது புரியும்: அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனி கழல்வது தடைபடும்.

மின்சுமை கூடக் கூட இந்த இழுப்பு கூடும். அயனி பெரிதாகப் பெரிதாகக் குறையும். ஹைட்ராக்சைடாக வீழ்படியத் தொடங்கும் பிஎச் மதிப்பை (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) வரிசையாக வைத்துப் பாருங்கள். +4 டைட்டானியம் 1க்கும் கீழே, +3 இரும்பு ஏறத்தாழ 2, +4 தோரியம் மூன்றரையை ஒட்டி, அலுமினியம் 4, +2 இரும்பும் +3 சீரியமும் 7ஐ ஒட்டி, மக்னீசியம் 10ஐ ஒட்டி. செறிவைப் பொறுத்து இவை சற்று முன்பின் நகரும். வரிசை பெரிதாக மாறாது. இந்த வரிசையில் ஒரு முரண் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அலுமினியம் அயனி +3 இரும்பைவிடச் சிறியது. கணக்குப்படி அதுதான் முதலில் படிய வேண்டும். ஆனால் இரும்பு முந்திக்கொள்கிறது. இரும்புக்கு ஆக்சிஜனோடு எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் போக்கு கூடுதல். மின்சுமை, அளவு என்ற விதி நல்ல வழிகாட்டி. அதுவே முழு உண்மை என்று எடுத்துக்கொண்டால் இந்த மாதிரி இடங்களில் வழுக்கும்.

இனி மூன்றாம் தொகுதிக்குத் திரும்புவோம். வெறும் அம்மோனியா கரைசலின் பிஎச் 11ஐத் தாண்டும். அந்த நிலையில் மக்னீசியமும் படிந்துவிடும், தொகுதி பிரிப்பது வீணாகும். அம்மோனியம் குளோரைடை முதலில் சேர்த்தால் அதன் அம்மோனியம் அயனி அம்மோனியா அயனியாவதைத் தடுக்கும்; இந்தப் பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனி குறைந்து, பிஎச் 9ஐ ஒட்டி நிற்கும். இரும்பு, அலுமினியம், குரோமியம் ஆகிய +3 அயனிகள் படிய அது போதும். மக்னீசியம் படியப் போதாது. அம்மோனியம் குளோரைடை ஏன் அம்மோனியாவுக்கு முன்பு சேர்க்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டால் இரும்பு +2 நிலையிலேயே இருக்கும். அழுக்குப் பச்சையாக அரைகுறையாகப் படிந்து, மிச்சம் அடுத்த தொகுதிக்குப் போய்விடும். இரண்டாவது, முந்தைய தொகுதியில் செலுத்திய ஹைட்ரஜன் சல்பைடை முழுவதும் கொதிக்க வைத்து வெளியேற்றாமல் விடுவது. அப்படி விட்டால் நைட்ரிக் அமிலம் இரும்பை விட்டுவிட்டு ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தகமாக்கும், கரைசல் வெண்மையாகக் கலங்கும். போதாததற்கு, அம்மோனியா ஊற்றியதும் நான்காம் தொகுதியின் துத்தநாகமும் மாங்கனீசும் சல்பைடாக இங்கேயே விழுந்துவிடும். லெட் அசிட்டேட்டில் நனைத்த தாளை ஆவியில் பிடித்து, அது கறுப்பது நிற்கும் வரை கொதிக்க வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, அவசரத்தில் அம்மோனியம் குளோரைடைக் குறைத்துப் போடுவது. அதன் விளைவு மேலேயே சொல்லியாயிற்று.

ஆலையில் இதே வரிசையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது இதைவிட அழகு. இரும்புத் துண்டு போட்டதும் முதலில் எலக்ட்ரானை வாங்குவது +3 இரும்பு. அதன் ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தின் அளவு, +0.77 வோல்ட். டைட்டானியத்துக்கு அது +0.1 மட்டுமே. எனவே +3 இரும்பு முழுவதும் தீர்ந்த பிறகுதான் டைட்டானியத்தின் முறை வரும். சிறிதளவு டைட்டானியம் +3 ஆனதும் கரைசல் ஊதா நிறம் காட்டும். அந்த ஊதாதான் இரும்பு முழுக்க இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பிறகு காற்று பட்டு இரும்பு மீண்டும் ஏறாமல் காப்பதும் அந்த +3 டைட்டானியம்தான். கரைசலைக் குளிரவைத்தால் +2 இரும்பு பச்சைப் படிகமாகப் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே பெரஸ் சல்பேட் (+2 இரும்பின் சல்பேட்). மிச்சக் கரைசலைக் கொதிக்க வைத்தால் கடுமையான அமிலத்திலும் டைட்டானியம் நீராற்பகுப்படைந்து வெள்ளையாகப் படிகிறது. மின்சுமை நான்கு என்பதன் பலன் அது.

மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் இன்னொரு கனிமம் மோனசைட். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909இல் ஜெர்மானியர் ஷாம்பெர்க் அதைக் கண்டறிந்தார். காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மோனசைட் என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலியவற்றோடு தோரியமும் சேர்ந்த பாஸ்பேட். 1952இல் ஆலுவாவில் தொடங்கிய ஆலையில் அதைச் சூடான அடர் எரிசோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடில்) வேகவைத்துப் பிளந்தார்கள். பாஸ்பேட் கரைந்து போக, உலோகங்கள் எல்லாம் ஹைட்ராக்சைடாக மிஞ்சும். அவற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிஎச் மதிப்பைக் கவனமாகக் கட்டுப்படுத்திக் கரைத்தால், சீரியம், லாந்தனம் போன்ற +3 அருமண் உலோகங்கள் கரைசலுக்குப் போகும். +4 தோரியம் கரையாமல் நிற்கும். மேலே தந்த வரிசையில் தோரியம் எங்கே, சீரியம் எங்கே என்று பார்த்தால் இந்த முறையை யாரும் சொல்லாமலே ஊகிக்கலாம்.

கார்பனேட்டுகளைச் சுடும்போதும் இதே கேள்வி உதவுகிறது. நேரயனி சிறியதாக இருந்தால் கார்பனேட்டின் எலக்ட்ரான் மேகத்தை இழுத்துச் சிதைக்கும், கார்பன் டைஆக்சைடு எளிதில் கழலும். மக்னீசியம் கார்பனேட் ஏறத்தாழ 540 டிகிரியில் சிதையும். கால்சியத்துக்கு 900, ஸ்ட்ரான்சியத்துக்கு 1290, பேரியத்துக்கு 1360 டிகிரி வேண்டும். மின்சுமை ஒன்றே கொண்ட பெரிய சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் பன்சன் சுடரில் உருகுமே தவிர எளிதில் சிதையாது. நைட்ரேட்டிலும் அப்படியே: கால்சியம் நைட்ரேட்டைச் சூடேற்றினால் ஆக்சைடு வரை போய்ப் பழுப்பு வாயு வரும். சோடியம் நைட்ரேட் நைட்ரைட்டோடு நின்றுவிடும், ஆக்சிஜன் மட்டும் வரும். லித்தியம் தனிம அட்டவணையின் முதல் தொகுதியில் இருந்தும் கால்சியத்தைப் போல் நடந்துகொள்வது அதன் சிறிய அளவால்.

சிப்பிச் சுண்ணாம்புச் சூளையில் நடப்பதும் இந்தச் சிதைவுதான். 100 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட்டில் 44 கிராம் வாயுவாகப் போய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 18 கிராம் தண்ணீர் சேர்ந்ததும் கொதித்துப் பொரிந்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல வாங்கி மறுபடியும் கார்பனேட்டாகி இறுகும். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சு இறுகியதும் இப்படியே. வாயு முதலில் ஈரத்தில் கரைந்தால்தான் இந்த வினை நடக்கும். அதனால்தான் பூச்சு வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டால் இறுகாமல் பொடிப்பொடியாக உதிர்கிறது.

சுண்ணாம்பு நீரில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் பால் போலாகும், மேலும் செலுத்தினால் தெளிந்துவிடும். இரண்டாவது கட்டத்தின் சமன்பாடு: கால்சியம் கார்பனேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு ⇌ கால்சியம் பைகார்பனேட். வாயு கூடினால் வலப்பக்கம் போகும். வாயு வெளியேறினால் இடப்பக்கம் திரும்பும். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதும், உப்பளத்தில் முதல் படிவு விழுவதும் இடப்பக்க ஓட்டம்.

அந்த உப்பளத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் பாத்திகளில் தண்ணீர் வற்றுவது கரைதிறன் பாடத்தைக் கண் முன்னால் நடத்திக் காட்டுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள்: குளோரைடு 19, சோடியம் 11, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியம் வெறும் 0.4 கிராம். இதில் எது முதலில் விழும்? அதிகமாக இருக்கும் சோடியம் குளோரைடு என்று பலரும் சொல்வார்கள். விழுவது மிகக் குறைவாக இருக்கும் கால்சியம். அளவு முக்கியமில்லை, கரைதிறனே முக்கியம். கால்சியம் கார்பனேட் ஒரு லிட்டரில் 10, 15 மில்லிகிராம்தான் கரையும். கால்சியம் சல்பேட்டான ஜிப்சம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். சோடியம் குளோரைடோ 360 கிராம். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் 3 முதல் 3.5 டிகிரி காட்டும். பாதியளவு வற்றும்போது கார்பனேட் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகி 25 டிகிரியைத் தொட்டதும்தான் உப்பு பூக்கும். ஜிப்சம் விழுவதற்கு முன்பே தண்ணீரை உப்புப் பாத்திக்கு விட்டால் உப்போடு ஜிப்சமும் சேரும். 29, 30 டிகிரிக்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், மழைக்காலத்தில் நீர்த்துப்போகும். மிஞ்சும் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவது அதற்காகத்தான்.

மக்னீசியம் குளோரைடு ஏன் ஈரத்தை இழுக்கிறது? மறுபடியும் சிறிய +2 அயனி. ஆறு நீர் மூலக்கூறுகளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் படிகத்தைச் சூடேற்றி நீரை மட்டும் விரட்டிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. பிடித்த நீரையே அது நீராற்பகுத்துவிடும்; ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளியேறி, மக்னீசியம் ஆக்சைடை நோக்கிப் போகும். சோடியம் குளோரைடைச் சுட்டால் படபடவென்று வெடித்துவிட்டு அப்படியே இருக்கும். பெரிக் குளோரைடு கரைசல் கலங்கியதற்கும் இதற்கும் ஒரே காரணம்.

வீழ்படிவு, எலக்ட்ரான், அணைவு (உலோக அயனியை வேறு மூலக்கூறுகள் சூழ்ந்து பிணைந்த அமைப்பு) மூன்றும் ஒரே உலோகத்தில் சேர்ந்து வருவதைக் காண ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் இலையுதிர்வு நோயைத் தடுக்க அடிக்கும் 1 சதவீத போர்டோ கலவைக்கு 1 கிலோ துரிசு (செம்பு சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துரிசை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை நீற்றி இன்னொரு 50 லிட்டரிலும் கரைத்து, துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். நீல நிறத்தில் காரத்தன்மையுள்ள செம்பு உப்பும் ஹைட்ராக்சைடும் நுண்ணிய துகளாகப் படியும், கூடவே ஜிப்சமும். மாற்றி ஊற்றினால் துகள் பெரிதாகி, இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். சுண்ணாம்பு பழையதாகிக் கார்பனேட்டாகிவிட்டிருந்தால் போதிய ஹைட்ராக்சைடு இராது. கரைந்த செம்பு மிஞ்சி இலையைக் கருக்கும். இதைச் சோதிக்கப் பளபளப்பான கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பார்கள். செந்நிறமாகப் படிந்தால் செம்பு மிச்சமிருக்கிறது: இரும்பு (−0.44 வோல்ட்) எலக்ட்ரானைக் கொடுக்க, செம்பு அயனி (+0.34) வாங்கி உலோகமாகிவிட்டது. இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். இந்தக் கலவையை இரும்பு வாளியில் தயாரிக்கக் கூடாது என்பதற்கும் அந்தக் கத்தியே விடை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்து வைப்பார்கள். அந்தப் பாலைச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. செம்பு சாதாரணமாக எளிதில் எலக்ட்ரானை விடாத உலோகம். ஆனால் நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் செம்பு அயனியைச் சூழ்ந்து அணைவாக்கியதும், +0.34ஆக இருந்த மின்னழுத்தம் சுழியத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனே அதைக் கரைக்கப் போதும். கரைந்த செம்பு ரப்பரை வெகு சீக்கிரம் மக்கவைக்கும். சோதனைக்குழாயில் துரிசுக் கரைசலோடு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு, பிறகு அது கரைந்து கருநீலம் ஆவது இதே அணைவால்தான்.

எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலில் மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடங்கள் தெரிந்தவையே. இரும்பையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துப் பெரிக் குளோரைடு என்று எழுதுவார்கள். ஹைட்ரஜன் அயனியின் மின்னழுத்தம் 0. அது இரும்பை +2 வரை தள்ளும், +0.77 தேவைப்படும் அடுத்த படிக்கு ஏற்றாது. குளோரின் (+1.36) ஏற்றும். எனவே அமிலத்தோடு பெரஸ், குளோரினோடு பெரிக். செம்பை ஹைட்ரஜன் அயனியால் தொட முடியாது. நைட்ரேட் (+0.96) தொடும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நைட்ரிக் ஆக்சைடும் அடர் அமிலத்தில் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடும் வருவதை உருப்போட வேண்டாம். நைட்ரஜன் டைஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலமும் நைட்ரிக் ஆக்சைடுமாக மாறும். தண்ணீர் நிறைந்த நீர்த்த அமிலத்தில் அது தாக்குப்பிடிக்காது. தண்ணீர் குறைந்த அடர் அமிலத்தில் அந்த வினை திரும்பிப் பழுப்பு வாயு நிலைக்கும்.

பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் காணும் தரம்பார்த்தலிலும் ஆக்சிஜனை எண்ணினாலே போதும். மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும். அதோடு நான்கு ஆக்சிஜனையும் நீராக்கி அனுப்ப எட்டு ஹைட்ரஜன் அயனி வேண்டும். 20 மி.லி. பெரஸ் கரைசலோடு ஏறத்தாழ அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் ஊற்றுவது இதற்காக. அமிலம் போதாவிட்டால் மாங்கனீசு +4இலேயே நின்று குடுவையில் பழுப்புக் கலங்கல் தெரியும். அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் (+1.51) குளோரைடையும் குளோரினாக்கி அதிகம் செலவாகும். நைட்ரிக் அமிலம் தானே இரும்பை ஏற்றிவிடுவதால் பெர்மாங்கனேட் குறைவாகச் செலவாகும். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும், ஏனென்றால் அந்த வினை மந்தம். பெரஸ் கரைசலைச் சூடேற்றக் கூடாது; காற்றே அதை ஏற்றிவிடும்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய வினை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் 1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கணக்கில் போடும் பிளீச்சிங் பவுடரில் ஹைப்போகுளோரைட்டும் குளோரைடும் சேர்ந்தே இருக்கின்றன. குளோரின் சுண்ணாம்பில் இரண்டாகப் பிரிந்ததால் உண்டான பொருள் அது. அமிலம் பட்டால் இரண்டும் திரும்பச் சேர்ந்து குளோரின் வாயு வெளியேறும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா? வேண்டும், ஆனால் கொஞ்சம். பொதுவான அயனிகளின் மின்சுமை, கரையும் கரையா உப்புகளின் அட்டவணை, பத்துப் பன்னிரண்டு மின்னழுத்த மதிப்புகள், நிறங்கள். இவை மூலப்பொருள், இவை இல்லாமல் காரணம் தேடவும் முடியாது. விதிவிலக்குகளையும் காரணத்தோடு குறித்துக்கொண்டால் மறக்காது. உதாரணத்துக்கு, வெள்ளீயமும் காரீயமும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதி. +2 வெள்ளீயம் எலக்ட்ரானைக் கொடுத்து +4 ஆக விரும்புகிறது. ஸ்டேனஸ் குளோரைடு நல்ல ஒடுக்கி. காரீயத்திலோ வெளிக்கூட்டின் எஸ் எலக்ட்ரான் இணை உள்ளே இறுகிக் கிடக்கிறது, அதனால் +2தான் அதற்கு வசதி. +4 நிலையிலுள்ள காரீய டைஆக்சைடோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் என்ன வரும் என்று இப்போது புத்தகத்தைத் திறக்காமலே எழுதலாம்: காரீயம் இரண்டு எலக்ட்ரான் வாங்கி +2 ஆகும், இரண்டு குளோரைடு அதைக் கொடுத்துக் குளோரின் ஆகும், இரண்டு ஆக்சிஜனும் நான்கு ஹைட்ரஜனோடு சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறாகும். ஒரு காரீய டைஆக்சைடு + 4 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → ஒரு காரீயக் குளோரைடு + ஒரு குளோரின் + 2 நீர்.